அக்கா மகளின் ஸ்கேனையும் கட்டியின் மிச்சத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அக்கா மகளுக்கு எட்டு வயது. சிறுமூளையில் கட்டி என்று பெங்களூரில் ஆபரேஷன் முடிந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அடுத்த வாரம் ரேடியேஷன் ஆரம்பம். இப்போது ஆறு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த கட்டியில் மிச்சம் இருப்பதையும் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். வெளிநாட்டு மையங்களோடும் பகிர்வார்களாம். ‘புள்ளைய வச்சு டெஸ்ட் பண்ணப் பாக்கறாங்க’ என்று அக்கா வீட்டுக்காரர் மறுக்கிறார். கொடுக்கலாமா? அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட முடியாது. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தலாம், சீர் வைக்கலாம். இந்தத் தாளில் மட்டும் அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்துப் போட வேண்டும். பாப்பாவுக்கு எட்டு வயது என்பதால் அவளிடமும் கேட்டாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி ஏழு வயது ஆன குழந்தையிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து எழுத்திலேயே வாங்க வேண்டும். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அக்கா வீட்டுக்காரரின் பயத்தைத் தள்ளிவிட்டு வாங்கும் கையெழுத்தாக அது இருக்கக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரன். பெங்களூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவின் ஆராய்ச்சிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது பதினொரு வருடமாக என் வேலை. சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. அந்தத் தாள் எங்கே போகிறது, போன இடத்தில் என்ன ஆகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

‘புள்ளைய வச்சு டெஸ்ட்’ என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு வகைப் படிவங்கள் நடமாடும். ஒன்று, புதிய மருந்தையோ புதிய முறையையோ குழந்தைக்கே கொடுத்துப் பார்ப்பதற்கானது. இன்னொன்று, ஏற்கெனவே எடுத்துவிட்ட திசுவையும் ஏற்கெனவே எழுதிவிட்ட பதிவுகளையும் பயன்படுத்திக்கொள்வதற்கானது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டாவது. இதற்காகப் பாப்பாவுக்கு ஓர் ஊசி கூடுதலாகப் போகாது, ஒரு மாத்திரை மாறாது. வழக்கமாக ரத்தம் எடுக்கும்போது ஒரு குழாய் சேர்த்து எடுக்கலாம். கட்டியின் மரபணுவை உடம்பின் மரபணுவோடு ஒப்பிட அது வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அக்கா வீட்டுக்காரருக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

படிவம் இங்கிலீஷிலோ கன்னடத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள். புரிகிற மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. வாசிக்கத் தெரியாதவர் என்றால், அந்த ஆராய்ச்சியோடும் குடும்பத்தோடும் சம்பந்தப்படாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியை வைத்து வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் என்பதால் அந்தச் சாட்சியாக நீங்கள் இருக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து புரியவைக்கலாம். தாய்மாமனுக்கு இதில் உள்ள வேலை அதுதான்.

இனி, இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு வருகிறேன்.

2011 கணக்கெடுப்பில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேர்ந்து சுமார் 34 லட்சம் பேர். அதில் குழந்தைகள் ஒன்பது, பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலை நாட்டுப் பதிவேடுகளின்படி இந்தக் கட்டி பத்து லட்சம் குழந்தைகளில் வருடத்துக்கு ஐந்து பேர் அளவில் வருகிறது. அதே கணக்கை இங்கே போட்டால் நம் இரண்டு மாவட்டத்துக்கும் வருடம் நாலைந்து பிள்ளைகள். அந்த நாலைந்து பேரும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூர் பஸ் ஏறுவார்கள். ஊத்தங்கரைப் பக்கம் என்றால் வேலூர். தர்மபுரிக்காரர்கள் சேலம், சென்னை, பெங்களூர் என்று பிரிவார்கள். ஆக, ஒரு டாக்டர் கண்ணில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று படுவதே அபூர்வம்.

போகட்டும், கட்டியாவது ஒரே கட்டியா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலமாகச் சின்னச் சின்ன உருண்டை செல்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஒரு பிள்ளை பிழைத்துப் பத்தாவது எழுதும், இன்னொன்று இரண்டு வருடத்தில் போய்விடும். ஏன் என்று நெடுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. கனடா, ஜெர்மனி, அமெரிக்கா என்று தனித்தனிக் குழுக்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2010-இல் பாஸ்டனில் கூடி, அவரவர் கையில் இருந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது நாலு வேறு நோய் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். 2012-இல் அது கட்டுரையாக வந்தது. டபிள்யு.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4 என்று பெயர். டபிள்யு.என்.டி. பிரிவில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் தேறிவிடுகிறார்கள். குரூப் 3 பொல்லாதது. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே இந்தப் பிரிவுகள் ஏறிவிட்டன.

இந்த டபிள்யு.என்.டி. பத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் வருகிறது. அப்படியென்றால் நம் இரண்டு மாவட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒன்று. ‘இந்தப் பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள்’ என்று சொல்ல ஐம்பது பேரையாவது பார்க்க வேண்டாமா? நம் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தால் நூறு வருடம் ஆகும்.

இது உங்களுக்கு நேரடியாகப் படும் விஷயம். அடுத்த வாரம் பாப்பாவுக்கு வைக்கப்போகும் ரேடியேஷனின் அளவு டாக்டர் மனதில் தோன்றியது இல்லை. நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அது இந்த நோயில் தலைக்கு மட்டும் கொடுப்பதில்லை. முதுகுத்தண்டு முழுக்கக் கொடுப்பார்கள், தண்டுவட நீர் வழியாகக் கட்டி இறங்கும் என்பதால். முன்பு 36 கிரே (கதிரை அளக்கும் அலகு). அதனால் பிழைத்த பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாமல் போவது, வளர்த்தி நிற்பது என்று எத்தனையோ வந்தன. ஆபத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு 23.4 கிரே போதும், கீமோவைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிறது என்று பல நூறு பிள்ளைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துத்தான் கண்டுகொண்டார்கள். டபிள்யு.என்.டி. பிரிவுக்கு 18 வரை இறங்கலாமா என்று இப்போது சோதித்து வருகிறார்கள். உங்கள் பாப்பாவின் முதுகில் படாமல் போகிற ஒவ்வொரு கிரேயும் எங்கேயோ ஒரு தகப்பன் போட்ட கையெழுத்தால் வந்தது.

தோற்றதையும் பகிர வேண்டும் என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ஒரு முயற்சி செய்தார்கள். டபிள்யு.என்.டி.தான் சாதுவான பிரிவு ஆயிற்றே, முதுகுத்தண்டை விட்டுவிட்டுக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. பத்துப் பிள்ளைகள்கூடச் சேராத நிலையில், ரேடியேஷன் படாத இடங்களில் நோய் திரும்பி வந்தது. உடனே நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு மூடி வைக்காமல் உலகத்துக்கே எழுதிச் சொன்னார்கள். அதை மறைத்திருந்தால் இன்னும் நாலு நாட்டில் நாலு டாக்டர்கள் அதே நல்லெண்ணத்தோடு அதே தவறைச் செய்திருப்பார்கள்.

நம் ஊர் விஷயமாகச் சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். நம் தாத்தா காலத்திலிருந்து பல்லில் பழுப்புக் கறை. ஒரு வீட்டில் பார்த்தால் பல் விளக்காத பையன் என்பார்கள். ஒரு ஊரே அப்படி என்றால் ‘அந்த ஊர்த் தண்ணி அப்படி’ என்று பெண் எடுக்க யோசிப்பார்கள். ஊர் ஊராகப் போர்வெல் தண்ணீரை அளந்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்த பிறகுதான் அது ஃப்ளோரைடு என்றும், இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான சங்கதி என்றும் ஆனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது அதற்காகத்தான். தனி வீட்டில் அது கறை, பட்டியலில் வைத்தால் காரணம் தெரிகிறது.

வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்பது அடுத்த சந்தேகமாக இருக்கும். கணக்கு சேரும் இடங்கள் இப்போதைக்கு அங்கே அதிகம், அவ்வளவுதான். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையை மையமாக வைத்து 2011-இல் தொடங்கிய குழந்தைகள் மூளைக்கட்டி வலையமைப்பு ஒன்று இருக்கிறது. பொதுவாக ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரை அச்சாகும் வரை தரவைப் பூட்டி வைப்பார்கள், அது மனித சுபாவம். இவர்கள் அந்தக் காத்திருப்பே வேண்டாம் என்று, தகுதியுள்ள எந்த ஆராய்ச்சியாளர் கேட்டாலும் கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் ஹைடெல்பர்கில் இன்னொன்று. மூவாயிரத்தை ஒட்டிய கட்டிகளின் டி.என்.ஏ.வில் உள்ள மெத்தில் அடையாளங்களைச் சேர்த்து, கட்டிக்கு ஒரு வகை கைரேகைப் புத்தகம் போல ஆக்கி 2018-இல் வெளியிட்டார்கள். எந்த ஊர் ஆய்வகமும் தன் நோயாளியின் தரவை இணையத்தில் ஏற்றினால், அது எந்தக் கட்டி என்று சொல்லும். அப்படிப் பார்த்ததில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வரை முதலில் சொன்ன நோயின் பெயரே மாற வேண்டியிருந்தது. நாமும் வெறும் வாங்கிக்கொள்ளும் கை இல்லை. நவி மும்பையில் டாட்டாவின் ஆக்ட்ரெக் ஆய்வகம், இந்த நாலு பிரிவையும் சாதாரண பாரஃபின் பிளாக்கிலிருந்தே (மெழுகில் பதித்து வைக்கும் திசுத் துண்டு) பி.சி.ஆர். முறையில் பிரித்துச் சொல்லும் சோதனையை 2013-இல் வெளியிட்டது.

நம் பிள்ளைகளின் தரவு அங்கே போகாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தத்தில் கட்டுவது நம் பக்கம் வழக்கம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்தால், செல் தன் எழுத்துப்பிழையைத் தானே திருத்தும் வேலை நின்றுபோகும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. உடம்பில் காப்பிக் கறை போலத் திட்டுகள் இருக்கும், சின்ன வயதிலேயே மூளைக்கட்டி வரும். ஐரோப்பிய, அமெரிக்கத் தரவில் இது அபூர்வம். சொந்தத்தில் மணம் முடிக்கும் நாடுகளில் அதிகம். டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையை மையமாக வைத்து நாடு நாடாக இந்தக் குழந்தைகளின் தரவைச் சேர்த்தார்கள். 2016-இல் அப்படிப்பட்ட ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகளுக்கு, திரும்பி வந்த கட்டி நிவோலுமாப் என்ற மருந்துக்குச் சுருங்கியது தெரிந்தது. வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து இவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. அமெரிக்கப் பிள்ளைகளின் கணக்கை மட்டும் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் இது வெளிச்சத்துக்கு வர எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

பெயர் வெளியே போகுமா என்ற பயத்துக்கு நேர்மையான பதில்: கவனக்குறைவாக இருந்தால் போகலாம். என் கையாலேயே ஒரு முறை போக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எம்.ஆர்.ஐ. கோப்புகளின் தலைப்பில் பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் பதிந்திருக்கும். அவற்றை மென்பொருளால் அழித்துவிட்டு, சுத்தம் என்று எழுதி அனுப்பத் தயாராக இருந்தேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். இடது மூலையில் வெள்ளை எழுத்தில் அந்தப் பையனின் பெயர், இனிஷியலோடு. எழுத்து படத்துக்குள்ளேயே வரைந்த மாதிரி இருந்தது, தலைப்பை அழித்தால் அது போகாது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்க்காமல் அனுப்புவதில்லை. தலையின் ஸ்கேனை முப்பரிமாணத்தில் அடுக்கினால் முகமே தெரியும் என்பதால் மூக்கு, கண் பகுதியை மென்பொருளால் வழித்தெடுத்துவிட்டுத்தான் பகிர வேண்டும். உங்கள் மையம் இதைச் செய்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

மரபணு வேறு மாதிரி. பெயரை எடுத்துவிட்டாலும் அது ஒருவரின் சாயலைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மரபணுத் தரவை எல்லோரும் பார்க்கும்படி வைப்பதில்லை. யார், எதற்கு என்று எழுதிக் கொடுத்து, ஒரு குழு அனுமதித்த பிறகுதான் திறப்பார்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டோடு கூட்டு ஆராய்ச்சி என்றால் மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) போதாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழுவும் அனுமதிக்க வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஆகவே டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். கட்டியின் மிச்சம் முழுவதையும் கொடுக்கிறீர்களா, பாப்பாவுக்குப் பின்னால் தேவைப்பட்டால் ஒரு பிளாக் இங்கேயே இருக்குமா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நோய் திரும்பினால் பழைய பிளாக்கைத்தான் தேடுவார்கள். அடுத்து, குடும்பத்துக்கே தெரிய வேண்டிய மரபணுச் செய்தி ஏதாவது கிடைத்தால் சொல்வீர்களா? எஸ்.எச்.எச். பிரிவில் சில பிள்ளைகளுக்கு மரபணுப் பழுது பிறவியிலேயே இருக்கும், தம்பி தங்கைக்கும் பார்க்க வேண்டிவரும். கம்பெனிகளுக்குப் போகுமா, போனால் எந்த நிபந்தனையில்? பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளலாமா? விலகலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்குள் பகிர்ந்து முடித்ததைத் திரும்பப் பிடிக்க முடியாது. பால் கறந்த பிறகு மடிக்குத் திரும்பாது.

இனி என் சொந்த எரிச்சல் ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகளின் தரவு வெளிநாட்டுக்குப் போகிறதே என்று எல்லோரும் பதறுகிறார்கள். அது நம் மாவட்டத்துக்கே வந்து சேர்வதில்லை என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒரு பிள்ளையை அது குடியிருக்கும் ஊரில் எழுத வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையம் முன்னின்று நடத்தும் தமிழ்நாட்டுப் பதிவேடு 2012 முதல் மாநிலம் முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் பெங்களூர் வந்ததும் ‘முகவரி?’ என்று கவுண்டரில் கேட்டால் நம் ஆட்கள் பொம்மனஹள்ளியில் இருக்கும் சித்தப்பா வீட்டைச் சொல்கிறார்கள். போன் பண்ணினால் அவர் எடுப்பார் என்ற நல்ல எண்ணம்தான். அந்த நிமிடத்தில் தர்மபுரியின் பிள்ளை கர்நாடகத்துப் பிள்ளை ஆகிவிடுகிறது. ஒரே பையன் மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று ஸ்பெல்லிங்கில், பிறந்த தேதி ஒன்றில் ஜனவரி 1, இன்னொன்றில் சரியான தேதி என்று இருந்து, மூன்று நோயாளியாக என் பட்டியலில் நின்றதை நான் பிரித்தெடுத்திருக்கிறேன். நீங்கள் போனதும் முகவரியைப் பாருங்கள். பாலக்கோடு என்று இல்லாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள்: முதல் வாந்தி என்று ஆரம்பித்தது, எம்.ஆர்.ஐ. என்று எடுத்தார்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, அப்புறம் விளையாடப் போய்விடும், நடக்கும்போது தள்ளாட்டம். இதைப் பூச்சி என்று, பித்தம் என்று, பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி என்று, திருஷ்டி என்று எத்தனை வாரம் ஓட்டுகிறோம் என்பது நம் மாவட்டத்துக்கே தேவையான கணக்கு. பிரிட்டனில் இந்த நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, 2011-இல் ஹெட்ஸ்மார்ட் என்று ஒரு விழிப்புணர்வு இயக்கம் தொடங்கினார்கள். பதினான்கு வாரத்துக்கு மேல் இருந்த தாமதம் ஏழு வாரத்துக்குக் கீழே வந்தது. அதற்கு மரபணுவும் வேண்டாம், வெளிநாடும் வேண்டாம், இரண்டு தேதி போதும்.

ரேடியேஷனை இதற்காக ஒரு நாளும் தள்ளாதீர்கள். படிவத்துக்கு அவசரம் இல்லை. ரேடியேஷன் நடக்கும் நாட்களில் நிதானமாகப் படிக்கலாம், கீமோ நடக்கும்போதுகூடப் போடலாம். நாலு பிரிவில் எது என்ற ரிசல்ட் வந்துவிட்டதா என்பதை மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஃபிலிம்களை அக்கா ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைவார் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். ஃபிலிம் இருக்கட்டும், சிடியைத் தனியாக வாங்கி, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னிடம் வருவதில் பல திறப்பதே இல்லை.

அப்புறம், நீங்கள் எனக்கு அனுப்பிய படிவத்தின் போட்டோவில் பாப்பாவின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், அப்பாவின் போன் நம்பர் நாலும் பளிச்சென்று தெரிகிறது. அதே படத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டு யோசனை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கே போய் அதை முதலில் அழித்துவிட்டு வாருங்கள் தம்பி. என்னிடம் வந்ததை நான் அழித்துவிட்டேன்.